பேத்தியைப் பற்றிக் கேட்டீர்கள், பேரனைப் பற்றியும் பேச வேண்டும்

கேள்வி:

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என் மகன் தான்சானியாவில், தார் எஸ் சலாம் நகரில் இன்ஜினீயர். அங்கே நர்ஸாக வேலை பார்க்கும் ஆப்பிரிக்கப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். ஆரம்பத்தில் எங்களுக்கு வருத்தம்தான், அப்புறம் சரியாகிவிட்டது. மருமகள் குணத்தில் தங்கம். பேரனுக்கு 17 வயது, பேத்திக்கு 14. படிப்புக்காக மூன்று வருஷமாக என்னிடம்தான் இருக்கிறார்கள்.

பேரன் நிறத்திலும் முடியிலும் என் மகனைக் கொண்டிருக்கிறான். அவனால் ஒரு தொந்தரவும் இல்லை. எங்கள் ஊர்ப் பேச்சு அப்படியே வந்துவிட்டது. கூட்டாளிகளோடு சேர்ந்து எங்கள் ஆட்கள் கட்டும் கயிற்றைக்கூடக் கையில் கட்டிக்கொண்டான். யார் கேட்டாலும் 'நான் திருநெல்வேலிக்காரன்' என்பான். பேத்தி அம்மாவைக் கொண்டிருக்கிறாள். நல்ல கருப்பு, சுருட்டை முடி. பஸ்ஸில் தெரியாதவர்கள்கூட அவள் முடியைத் தொட்டுப் பார்க்கிறார்கள். பள்ளி ஆண்டு விழாவில் காட்டுவாசி நடனத்துக்கு 'நீதான் பொருத்தம்' என்று முன்னால் நிறுத்தினார்களாம். அன்றிலிருந்து 'நான் உங்க ஊர்க்காரி இல்ல' என்கிறாள். எண்ணெய் தேய்க்க விடுவதில்லை. தமிழ் நன்றாக வரட்டும் என்று வீட்டில் சுவாஹிலி பேச வேண்டாம் என்றிருந்தேன். இப்போது வேண்டுமென்றே அதில்தான் பேசுகிறாள். என் மகள் ஆசையாக வாங்கி வந்த சிவப்பழகு கிரீமைக் குப்பையில் போட்டுவிட்டாள். அண்ணனைப் போல இவளும் அனுசரித்துப் போக என்ன செய்யலாம்? டாக்டரிடம் காட்ட வேண்டுமா? பாளையங்கோட்டைக்கு வந்து உங்களைப் பார்க்கலாம் என்றும் இருக்கிறேன்.

பதில்:

டீச்சரம்மா, உங்கள் கடிதத்தில் பேத்தியைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், பேரனைப் பற்றி நாலு வரி. படித்து முடித்தபோது எனக்கு அந்த நாலு வரிதான் மனதில் நின்றது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் பேத்தி.

அவளுக்கு வியாதி ஒன்றும் இல்லை. நீங்கள் எழுதியவற்றில் கோபம் இருக்கிறது, அந்தக் கோபத்துக்குத் தக்க காரணமும் இருக்கிறது. ஒரு பிள்ளையை நூறு பேர் முன்னால் நிறுத்தி, உன் நிறத்துக்கு இதுதான் வேஷம் என்று சொன்னால் அவள் சிரித்துக்கொண்டே ஆடியிருக்க வேண்டுமா? ஆடியிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

'நான் யார்' என்ற கேள்வி பதின்ம வயதில் எல்லாப் பிள்ளைக்கும் வரும். அதைப் பெரிய அளவில் ஆராய்ந்தவர் எரிக் எரிக்சன். அவருக்கே அது சொந்தக் கதை. 1902இல் ஜெர்மனியில், டென்மார்க்கிலிருந்து வந்த யூதத் தாய்க்குப் பிறந்தார். பெற்ற தகப்பன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. வளர்த்தவர் ஒரு யூத டாக்டர். பையனோ நெட்டையாக, நீலக் கண்ணும் வெளிர் முடியுமாக இருந்தான். யூதர் கோயிலில் பிள்ளைகள் அவனை வேற்றாள் என்று கேலி செய்தார்கள். பள்ளிக்கூடத்தில் யூதன் என்று கேலி செய்தார்கள். பின்னால் அமெரிக்கக் குடியுரிமை வாங்கும்போது எரிக்சன் என்ற பெயரைத் தானே வைத்துக்கொண்டார். அடையாள நெருக்கடி என்று இன்று எல்லோரும் சொல்கிறோமே, அந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்தான்.

அவருக்குப் பின்னால் வந்த ஜேம்ஸ் மார்சியா 1966இல் இதை இன்னும் பிரித்துப் பார்த்தார். அவர் கேட்டது இரண்டே கேள்வி: இந்தப் பிள்ளை தேடியிருக்கிறதா? ஒரு முடிவுக்கு வந்திருக்கிறதா? தேடிப் பார்த்து முடிவுக்கு வந்தவர்கள் உண்டு. தேடிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. இரண்டும் இல்லாமல் மிதப்பவர்கள் உண்டு. தேடவே இல்லாமல், கையில் கொடுத்ததை வாங்கி அதுதான் நான் என்று முடித்துக்கொண்டவர்களும் உண்டு. இந்தக் கடைசி வகைப் பிள்ளைகள் வெளியே பார்க்க நல்ல பிள்ளைகள். வீட்டில் சண்டை இருக்காது, ஊரோடு ஒத்துப்போவார்கள். முடித்துவைத்த முடிவில் ஒரு நாள் அடி விழும்போதுதான் கஷ்டம் தெரியும்.

உங்கள் பேத்தி தேடிக்கொண்டிருக்கிறாள். உங்கள் பேரன் தேடாமல் முடித்துவிட்டான் என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் முதலாமவளை இரண்டாமவன் மாதிரி ஆக்கச் சொல்கிறீர்கள்.

ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த இரண்டு பேர் இப்படி ஆளுக்கொரு பக்கம் நிற்பது ஆச்சரியமில்லை. கலப்பினப் பிள்ளைகளைப் பற்றி நிறைய எழுதிய மரியா ரூட் என்ற உளவியலாளர் மணிலாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். இந்தப் பிள்ளைகளுக்கு என்னென்ன உரிமைகள் உண்டு என்று 1990களில் ஒரு பட்டியல் போட்டார். தன்னைப் பெற்றோர் சொல்வதுபோல் அல்லாமல் வேறு விதமாகச் சொல்லிக்கொள்ள உரிமை, கூடப்பிறந்தவர் சொல்வதிலிருந்து மாறுபட உரிமை, இடத்துக்கு இடம் வேறு விதமாகச் சொல்ல உரிமை, பிறகு மனதை மாற்றிக்கொள்ளவும் உரிமை. ஏன் கூடப்பிறந்தவர்களைத் தனியாகச் சொன்னார் என்பது உங்கள் வீட்டைப் பார்த்தால் புரியும். பேரன் கடைக்குப் போனால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவனுக்குத் 'திருநெல்வேலிக்காரன்' என்று சொல்லும் வசதி இருக்கிறது, ஊரும் தலையாட்டுகிறது. பேத்தி அதையே சொன்னால் 'நெசமாவா?' என்று அடுத்த கேள்வி வரும். ஒரே பதில் ஒருவன் வாயில் எடுபடுகிறது, இன்னொருத்தி வாயில் எடுபடவில்லை. சொல்லிச் சொல்லிப் பார்த்து அலுத்துத்தான் அவள் மறுபக்கம் போயிருப்பாள்.

நீங்களும் மகனும் தமிழர்கள், மருமகள் தான்சானியப் பெண். உங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் இந்தப் பிள்ளைகள் படுவது சொந்த அனுபவமாகத் தெரியாது. பேத்திக்கு அதைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையே இல்லாத ஒரே ஆள் அவள் அண்ணன்தான். அவன் அந்தப் பக்கமே பார்க்காமல் இருக்கிறான் என்பதுதான் அவளுக்குப் பெரிய வலியாக இருக்கும். 'அண்ணனப் பாரு' என்று ஒவ்வொரு தடவை நீங்கள் சொல்லும்போதும் அந்த வலி ஒரு படி கூடும்.

இப்போது அந்தக் கயிறு. நீங்கள் அதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள் என்பதால் கொஞ்சம் உடைத்தே பேசுகிறேன்.

நம்ம பக்கத்தில் 'நீ யாரு?' என்று ஒருவரும் நேராகக் கேட்பதில்லை. 'எந்த ஊரு? எந்தத் தெரு? யாரு வீட்டுப் பிள்ளை?' என்று மூன்று கேள்வியில் சாதியைத் தெரிந்துகொண்டு, அப்புறம்தான் உட்காரச் சொல்வார்கள். அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ கலப்பினப் பிள்ளையைப் பார்த்து 'நீ கருப்பா வெள்ளையா' என்று கேட்கிறார்கள். இங்கே உங்கள் பேரனிடம் அதைக் கேட்க ஆளில்லை. இங்கே இருக்கும் பெட்டிகள் வேறு. அவன் கெட்டிக்காரன், எந்தப் பெட்டிக்குள் போனால் கேள்வி நிற்கும் என்று கண்டுபிடித்துவிட்டான். கயிற்றைக் கட்டியதும் அவன் அம்மா யார் என்று கேட்பது நின்றிருக்கும். 'நம்ம பய' ஆகிவிட்டான்.

அதற்கு அவன் கொடுக்கும் விலை என்ன என்று யோசித்தீர்களா? அந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டுமென்றால் அவன் அப்பா வழியை மட்டும்தான் பேசலாம். தங்கச்சியோடு ஒரே பஸ்ஸில் போகத் தயங்குகிறானா, அவள் நின்றால் அவன் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிறானா என்று கவனியுங்கள். அம்மா வீடியோவில் வரும்போது கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தால் போனை எடுக்கிறானா என்றும் பாருங்கள். இரவல் சட்டையைப் போட்டுக்கொண்டு கறை படாமல் நடக்கிறவன் மாதிரி எந்நேரமும் ஒரு ஜாக்கிரதையிலேயே அவன் இருக்கலாம்.

இன்னொன்று, கயிறு சும்மா கயிறு இல்லை என்பது டீச்சராக இருந்த உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் சாதியைக் காட்டும் கலர் கயிறும் மோதிரமும் நெற்றிக் குறியும் அணியத் தடை வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. பேரனுடைய கூட்டாளிகள் அப்படிப்பட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கயிறு கட்டிய கை சண்டை வரும்போது ஒதுங்கி நிற்க முடியாது. அதிலும் புதிதாகச் சேர்ந்தவன் தன் விசுவாசத்தைக் காட்டுவதற்காக மற்றவர்களைவிட ஒரு அடி முன்னால் போவான். எனக்குப் பயம் அங்கேதான்.

அதற்காக இன்று சாயங்காலமே கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். கயிறு போகும், காரணம் போகாது. அவனுக்கு வேறு இடங்களில் சேர்மானம் வேண்டும். எந்த விளையாட்டில் கெட்டிக்காரன் என்று நீங்கள் எழுதவில்லை. பாளையங்கோட்டை அண்ணா ஸ்டேடியத்தில் பயிற்சிக்குப் போகும் பையன்களுக்கு அங்கே ஒரு தனிக் கூட்டம் உண்டாகிவிடுகிறது; யார் வீட்டுப் பிள்ளை என்பதைவிட என்ன டைமிங் என்பதுதான் அங்கே பேச்சு. அவன் அப்பா அவனிடம் தனியாக, மாதம் ஒரு தடவையாவது, படிப்பைத் தவிர்த்து வேறு பேச வேண்டும். 'உங்கம்மாவ நான் எப்படிப் பார்த்தேன் தெரியுமா' என்று ஆரம்பிக்கலாம். பதினேழு வயதுப் பையனுக்கு இந்தக் கதையை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

உங்கள் மகனை ஒரு விஷயத்தில் பாராட்ட வேண்டும். தென்மாவட்டத்திலிருந்து ரங்கூனுக்கும் கொழும்புக்கும் பினாங்குக்கும் பிழைக்கப் போனவர்களில் அங்கே ஒரு குடும்பம் வைத்துக்கொண்டு, இங்கே வாயே திறக்காமல் கண்ணை மூடியவர்கள் உண்டு. அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று பல வீடுகளில் இன்றைக்கும் தெரியாது. உங்கள் மகன் தன் பிள்ளைகளை உங்கள் வாசலுக்கே கூட்டி வந்துவிட்டான்.

பேத்திக்கு வருகிறேன். நீங்கள் உடனே செய்யக்கூடியது அவள் தலைமுடியில் இருக்கிறது. எண்ணெய் தேய்க்க விடவில்லை என்று குறைப்படுகிறீர்கள். எப்படித் தேய்த்தீர்கள்? ஞாயிற்றுக்கிழமை நல்லெண்ணெய் வைத்து, சீயக்காய் போட்டு அலசி, காயவைத்து, நம் வீட்டுச் சீப்பால் உச்சியிலிருந்து கீழே இழுத்திருப்பீர்கள். உங்கள் தலைக்கு அது சரி. அவளுக்கு அது சித்திரவதை. நெருக்கமாகச் சுருண்ட முடியில் மண்டையில் ஊறும் எண்ணெய் நுனிவரை இறங்காது, அதனால் அது எப்போதும் வறட்சியாக இருக்கும். சீயக்காயும் அரப்பும் இன்னும் வறட்டும். காய்ந்த முடியில் சீப்பு போட்டால் முறியும், வலியில் பிள்ளை அலறும்.

அவள் முடியை ஈரத்தோடு, கண்டிஷனர் தடவி, முதலில் விரலால் பிரிக்க வேண்டும். அப்புறம் பல் அகலமான சீப்பால் நுனியிலிருந்து ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற வேண்டும். ஷாம்பு வாரம் ஒரு தடவை போதும். ஈரம் இருக்கும்போதே தேங்காய் எண்ணெய் லேசாகத் தடவலாம். அதை அவள் வேண்டாம் என்று சொல்ல மாட்டாள் என்று நினைக்கிறேன். ராத்திரி தலையணை உரசாமல் இருக்க, உங்கள் பழைய பட்டுச் சேலையில் ஒரு துண்டு கிழித்துத் தலையில் கட்டிக்கொள்ளக் கொடுங்கள். தான்சானியாவில் பல பள்ளிகளில் பெண் பிள்ளைகளும் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டுதான் போவார்கள். அப்படியானால் நீள முடியை என்ன செய்வது என்று இங்கே வந்த பிறகுதான் அவளே கற்றுக்கொண்டிருப்பாள், அதுவும் சொல்லித்தர ஆளில்லாமல். தலையோடு ஒட்டிச் சின்னச் சின்னதாகப் போடும் பின்னலை மருமகளிடம் வீடியோவில் கேட்டு நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள். ரொம்ப இறுக்கிப் போட்டால் நெற்றி ஓரத்தில் முடி கொட்டும், அது மட்டும் கவனம். இரட்டைப் பின்னல் மடித்துக் கட்ட வேண்டும் என்று பள்ளியில் விதி இருந்தால், நீங்களே நேரில் போய் ஹெட்மிஸ்ட்ரஸிடம் பேசி விலக்கு வாங்குங்கள். டீச்சர் டீச்சரிடம் பேசுவதற்கு ஒரு எடை உண்டு.

போகிற போக்கில் அந்த நடனத்தைப் பற்றியும் பேசிவிடுங்கள். சண்டை வேண்டாம். 'என் பேத்தி நிறத்தைப் பார்த்து வேஷம் கொடுத்தது தப்பு, இனிமேல் வேண்டாம்' என்று சொன்னால் போதும். நீங்கள் போய்ப் பேசினீர்கள் என்பது அவளுக்குத் தெரிய வேண்டும். அவர்கள் மன்னிப்புக் கேட்கிறார்களோ இல்லையோ, அவளுக்குக் கணக்கு அது இல்லை.

பஸ்ஸில் முடியைத் தொட வரும் கையை நீங்கள்தான் தடுக்க வேண்டும். 'தொடாதீய, அவளுக்குப் பிடிக்காது' என்று நம் ஊர்ப் பேச்சிலேயே சொல்லுங்கள். 'யாரு பிள்ள இது?' என்றால் 'எம் பேத்தி' என்று நிறுத்திக்கொள்ளுங்கள். மகன் ஆப்பிரிக்கா போனதில் ஆரம்பித்து முழுக் கதையையும் அவளை வைத்துக்கொண்டே சொல்ல வேண்டியதில்லை. எதைச் சொல்லலாம், எதை வேண்டாம் என்று அவளையே கேட்டு முன்கூட்டி முடிவு செய்துகொள்ளுங்கள்.

2020இல் கமலா ஹாரிஸ் அமெரிக்காவின் துணை ஜனாதிபதியாகத் தேர்வானபோது, அவருடைய தாய்வழித் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் பேனர் வைத்துக் கொண்டாடினார்கள். 'நம்ம பொண்ணு' என்று தமிழ்நாடே சொன்னது. அவர் அப்பா ஜமைக்காக்காரர்; அம்மா சியாமளா தமிழ்ப் பெண். அந்த அம்மா தன் இரண்டு மகள்களையும் கருப்பினப் பெண்களாகவே தன்னம்பிக்கையோடு வளர்த்ததாகக் கமலாவே சொல்லியிருக்கிறார். அதனால் அவருக்குச் சித்திமார் இல்லாமல் போய்விடவில்லை. வாஷிங்டனில் பதவியில் இருந்தவரைச் சொந்தம் கொண்டாடிய நாம்தான் அம்பாசமுத்திரம் பஸ்ஸில் ஒரு பிள்ளையை முறைத்துப் பார்க்கிறோம்.

சுவாஹிலிக்குப் போட்ட தடையை எடுத்துவிடுங்கள், இன்றைக்கே. அது அவள் அம்மா தாலாட்டிய மொழி. இரண்டு மொழி பேசினால் ஒன்று கெட்டுப்போகும் என்பது பழைய பயம். இங்கே படித்து இங்கே பழகும் பிள்ளைக்குத் தமிழ் எங்கேயும் போகாது. இங்கே ராத்திரி எட்டு மணி என்றால் அங்கே மாலை ஐந்தரை. மருமகள் டியூட்டி முடிந்து வரும் நேரம் பார்த்து ஒரு மணிநேரத்தை ஒதுக்குங்கள். அந்தப் பக்கத்து ஆச்சியையும் லைனில் கொண்டுவாருங்கள். லீவு நாளில் மருமகளைக் கேட்டு உகாலி கிண்டுங்கள். மக்காச்சோள மாவு அம்பாசமுத்திரத்திலேயே கிடைக்கும், களி கிண்டத் தெரிந்த கைக்கு அது ஒரு வேலையே இல்லை. பேரனையும் கூப்பிட்டு உட்காரவையுங்கள். சாப்பிட்டால் சாப்பிடட்டும், வற்புறுத்த வேண்டாம்.

கிரீமைக் குப்பையில் போட்டது சரி. உங்கள் மகளிடம் பக்குவமாகச் சொல்லிவையுங்கள். 1940களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற தம்பதி சின்னக் கருப்பினப் பிள்ளைகளிடம் வெள்ளைப் பொம்மை, கருப்புப் பொம்மை இரண்டையும் கொடுத்து எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளையைக் காட்டின. கெட்ட பொம்மை எது என்றதும் கருப்பைக் காட்டின. அப்புறம் உன்னை மாதிரி இருப்பது எது என்று கேட்டபோது சில பிள்ளைகள் அழுதுகொண்டு ஓடிவிட்டன. அத்தை கிரீம் நீட்டும்போது உங்கள் பேத்தியிடம் கேட்கப்படுவதும் அதே கேள்விதான். அவள் அழாமல் டப்பாவைத் தூக்கி எறிந்திருக்கிறாள். 'நாமளும் கருப்புதானே' என்று சமாதானம் சொல்வீர்கள். உண்மைதான், நம் ஊரே கருப்புதான். ஆனால் உங்களைப் பார்த்து யாரும் காட்டுவாசி வேஷம் கொடுத்ததில்லை. அவள் படுவது வேறு என்று ஒப்புக்கொள்வது அவளுக்கு உங்கள் சமாதானத்தைவிட ஆறுதல்.

'உங்க ஊர்க்காரி இல்ல' என்று மறுபடி சொன்னால் பதில் பேசாதீர்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். 'சரிட்டி, சாப்பிட வா' என்றால் போதும். அடுத்த வருஷம் அவளே வேறொன்று சொல்லக்கூடும். இருபத்தைந்து வயதில் இன்னொன்று சொல்லலாம். இப்போது சொல்வதையே கடைசிவரை சொன்னாலும் அவள் உங்கள் பேத்தி இல்லை என்று ஆகிவிடாது.

டாக்டரிடம் எப்போது போக வேண்டும்? இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ கெட்டிருந்தால், பள்ளிக்கூடம் போகவே மறுத்தால், எல்லோரிடமும் பேச்சை நிறுத்திவிட்டால் போக வேண்டும். தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ 'நான் இருந்து என்ன' என்கிற மாதிரிப் பேச்சு வந்தாலோ அன்றைக்கே போங்கள். ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ராத்திரி நேரமானால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. இந்த அறிகுறிகளைப் பேரனிடமும் பார்க்க வேண்டும். அவனிடம் அது அழுகையாக வராது. ராத்திரி வெளியே சுற்றுவது, எடுத்ததற்கெல்லாம் கைநீட்டுவது, படிப்பில் திடீரென்று சரிவது என்று வரும்.

பாளையங்கோட்டைக்கு வந்து என்னைப் பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வாருங்கள். பேத்தியை மட்டும் கூட்டி வந்தால் 'நான்தான் பைத்தியமா' என்று அவள் கேட்பாள், அது நியாயமான கேள்வி. இரண்டு பேரையும் கூட்டி வாருங்கள். பிளஸ் டூ பரீட்சை முடியட்டும் என்று பேரனைத் தள்ளிப்போட வேண்டாம். முதல் அரைமணி நேரம் அவர்கள் இருவரும் மட்டும் என் அறையில் இருக்கட்டும், நீங்கள் வெளியே காத்திருக்க வேண்டிவரும்.